இரவில் தானாக இறங்கிய தொட்டி: குளியலறையில் பார்த்த பழுதுவேலைகள்

மாடித் தொட்டியில் இரவு நீர்மட்டம் இறங்குவது ஒருவழியாக நின்றுவிட்டது. எல்லோரும் தூங்கும் ஆறு மணி நேரத்தில் 4 செ.மீ. இறங்கிக்கொண்டிருந்த தொட்டி, இப்போது இரவு விட்ட இடத்திலேயே காலையிலும் நிற்கிறது. நினைவில் இருக்கும்போதே செய்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். எதை அளந்தேன், எதைக் கழற்றினேன், எது உதவவில்லை, என்ன கருவி வேண்டியிருந்தது, எல்லாம் இதில் உண்டு. பல் துலக்கும்போது குழாயை மூடுங்கள் என்கிற வகை அறிவுரை எல்லோருக்கும் மனப்பாடம், அதற்குள் போகவில்லை.

வீட்டு அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் மாடித் தொட்டியிலிருந்து தானாக இறங்கி வருகிறது, குழாயில் பம்ப் அழுத்தம் கிடையாது. தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து கீழ்த்தள ஷவர் வரை உயரம் சுமார் 5 மீட்டர், மேல்தள ஷவர் வரை சுமார் 2.5 மீட்டர். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம் என்பது கணக்கு. ஆக, கீழே அரை பார், மேலே கால் பார். ஷவரைத் தொடும்போது இந்த எண்தான் காலை வாரும்.

அளந்து பார்த்தது

முதல் கருவி வாளி. ஆனால் வாளியின் அடியில் அச்சிட்டிருக்கும் லிட்டர் அளவு விளிம்பு வரைக்குமான கணக்கு, விளிம்பு வரை யாரும் பிடிப்பதில்லை. அதனால் 1 லிட்டர் பாட்டிலால் தண்ணீரை ஊற்றி, ஒவ்வொரு லிட்டருக்கும் வாளியின் வெளிப்புறத்தில் அழியாத மார்க்கரால் கோடு போட்டேன். வெளியிலிருந்து நீர்மட்டம் தெரியும் வெளிர்நிற வாளியாக இருந்தால்தான் இது சரிப்படும். வாளி மேலே விரிந்துகொண்டே போவதால் கோடுகள் சம இடைவெளியில் அமையாது. முதல் இரண்டு கோட்டை மட்டும் போட்டுவிட்டு மீதியை ஸ்கேல் வைத்துப் பிரிக்கலாம் என்று தோன்றும், அது தப்பான அளவைத்தான் தரும்.

அடுத்தது கைப்பேசியின் ஸ்டாப்வாட்ச். கீழ்த்தள வாஷ்பேசின் குழாயை முழுதாகத் திறந்தால் நிமிடத்துக்கு 14 லிட்டர் வந்தது. கை கழுவ இவ்வளவு எதற்கு என்பது வாளி நிரம்பும் வேகத்தைப் பார்த்தால்தான் உறைக்கும். கீழ் ஷவர் 9 லிட்டர், மேல் ஷவர் 5 லிட்டர்.

மூன்றாவது தொட்டி அளவு. நம்முடையது உருளைத் தொட்டி, உள்விட்டம் 113 செ.மீ. பரப்பைக் கணக்கிட்டால் 10,000 சதுர செ.மீ.க்குச் சற்று மேலே வருகிறது, அதாவது மட்டம் 1 செ.மீ. இறங்கினால் 10 லிட்டர் போயிருக்கிறது. எல்லாத் தொட்டிக்கும் இவ்வளவு வசதியான எண் அமையாது. ஆனால் விட்டம் தெரிந்தால் போதும்: பாதி விட்டத்தை அதனாலேயே பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் ஒரு செ.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். தொட்டி வாயின் குறுக்கே ஒரு மரரீப்பரை வைத்து, அதன் அடிவிளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை டேப்பால் அளந்தேன். ரீப்பரை எப்போதும் அதே இடத்தில் வைக்க வேண்டும், அதற்காக விளிம்பில் இரண்டு கோடு கீறி வைத்தேன். தொட்டிக்குள் தண்ணீர் ஏறக்கூடாது என்பதால் மோட்டாரை அணைத்துவிட்டேன். தண்ணீர் மீட்டர் இருக்கிற வீட்டில் இந்தப் பாடு வேண்டாம். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரில் உள்ள சின்னச் சக்கரம் சுற்றுகிறதா என்று பார்த்தாலே போதும்.

இரவு படுக்கும் முன் ஓர் அளவு, விடிகாலையில் யாரும் குழாயைத் தொடுவதற்குள் ஓர் அளவு. வித்தியாசம் 4 செ.மீ. வந்தது. 40 லிட்டர், யாருமே பயன்படுத்தாமல்.

அடுத்த இரவு கீழ்க் கழிப்பறை ஃபிளஷ் டேங்குக்குப் போகும் ஆங்கிள் வால்வை, அதாவது தண்ணீரை அடைக்கும் சின்னத் திருகு வால்வை, மட்டும் மூடிவிட்டு அளந்தேன். இறக்கம் அரை செ.மீ.க்குக் குறைந்தது. அந்த அரை செ.மீ.க்கு யார் பொறுப்பு என்பதும் தெரிந்த கதைதான், மேல்தளத்தில் சொட்டிக்கொண்டிருந்த குழாய். அதன் அடியில் ஒரு பாத்திரம் வைத்து ஒரு மணி நேரம் விட்டதில் 900 மில்லி சேர்ந்தது. ஆறு மணி நேரத்துக்கு 5.4 லிட்டர், தொட்டிக் கணக்கோடு ஒத்துப்போகிறது. நாள் முழுக்க என்றால் 21 லிட்டருக்கு மேல், வாளிக் குளியல் ஒன்றுக்குத் தாராளமாகப் போதும்.

சொட்டுகிற குழாய் காதில் விழுகிறது, கண்ணில் படுகிறது, அதனால் எல்லோரும் அதைத்தான் திட்டுகிறோம். ஆறு மடங்குக்கு மேல் விழுங்கிக்கொண்டிருந்தது சத்தமே இல்லாத ஃபிளஷ் டேங்க்.

ஃபிளஷ் டேங்க்

டேங்கில் தண்ணீர் போக இரண்டு வழிதான். மிதவை வால்வு சரியாக மூடாமல் மட்டம் ஏறி, வழிந்தோடும் குழாய் வழியாகக் கோப்பைக்குள் போகலாம். அல்லது அடியில் இருக்கும் ரப்பர் சீல் சரியாக உட்காராமல் கசியலாம். எது என்று பிரிக்க ஒரு பென்சில் போதும். டேங்க் நிறைந்ததும் ஆங்கிள் வால்வை மூடி, உள்சுவரில் நீர்மட்டத்தில் ஒரு கோடு போட வேண்டும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. வழிந்தோடும் குழாயின் வாய் அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருந்தது என்பதால் குற்றவாளி அடி சீல். மட்டம் இறங்கி ஏதாவது ஓர் உயரத்தில் நின்றுவிட்டால், அந்த உயரத்தில் விரிசல் அல்லது தளர்ந்த இணைப்பு இருக்கிறது என்று பொருள். இங்கே நிற்காமல் இறங்கிக்கொண்டே போனது.

நிச்சயப்படுத்திக்கொள்ள, உணவுக்குப் போடும் கலர்பொடியைக் கொஞ்சம் கரைத்து டேங்கில் ஊற்றினேன். பதினைந்து நிமிடத்தில் கோப்பையின் பின்சுவரில் மெல்லிய சிவப்பு இழை ஒன்று இறங்கியது. கலர்பொடி இல்லாவிட்டால், கோப்பையின் பின்சுவரைத் துணியால் நன்றாகத் துடைத்து, உலர்ந்த டிஷ்யூ காகிதத் துண்டு ஒன்றை ஒட்டி வைக்கலாம். நனையும் இடத்தைப் பார்த்தாலே ஒழுகுவது எங்கிருந்து என்று தெரிந்துவிடும். ஒழுகும் தண்ணீர் கண்ணாடிபோல் சுவரை ஒட்டி வழிவதால் சாதாரணமாகப் பார்த்தால் தெரியவே தெரியாது. இத்தனை நாள் தப்பித்ததற்கும் அதுதான் காரணம்.

கழற்றுவது சுலபம். ஆங்கிள் வால்வை மூடி, ஃபிளஷ் செய்து, அடியில் தங்கும் தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். மூடியின் நடுவில் இருக்கும் பட்டன் வளையத்தைத் திருகினால் மூடி வரும். பீங்கான் மூடியைச் சுவரோரம் சாய்த்து வைக்காதீர்கள், தரையில் துணி விரித்துப் படுக்க வையுங்கள். நடுவில் நிற்கும் ஃபிளஷ் வால்வுக் கூண்டை இடப்பக்கம் கால் சுற்று திருப்பினால் அப்படியே மேலே வந்துவிடும். அதன் அடியில்தான் அந்த சீல். சிலிகோன் வளையம், கையில் எடுத்தபோது ஒரு பக்கம் வழவழவென்று கொழகொழத்து, அது உட்காரும் விளிம்பான சீட்டின் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது. விட்டமும் கனமும் அளக்கும் கருவியான வெர்னியரால் அளந்ததில் வெளிவிட்டம் 63 மி.மீ., உள்விட்டம் 32 மி.மீ., கனம் 3 மி.மீ. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் வளையங்கள் நிறைய அளவுகளில் வருகின்றன, அளக்காமல் வாங்கப் போனால் வீண் அலைச்சல். புதிது கிடைக்கும்வரை பழையதைக் கழற்றித் திருப்பிப் போட்டேன், பள்ளமில்லாத பக்கம் கீழே வரும்படி. கசிவு பாதியாகக் குறைந்தது.

புது சீல் போட்டபின்னும் கசிவு நிற்கவில்லை. குறைந்தது, நிற்கவில்லை. ரப்பர் புதிதாக இருந்தாலும் அது உட்காரும் சீட் மேடுபள்ளமாக இருந்தால் என்ன பயன்? சீட் விளிம்பில் விரல்நகத்தை வைத்து ஒரு சுற்று ஓட்டினால், வழுக்கிக்கொண்டே போய் ஓரிடத்தில் நகம் தட்டுப்படும். உப்புப் படிவு. கண்ணுக்கு வெறும் வெள்ளைக் கறைதான், நகத்துக்குத்தான் அது மேடு.

பிளாஸ்டிக் சீட்டில் உப்புத்தாள் போடக்கூடாது, கீறல் விழுந்தால் அந்தக் கீறலே புது ஒழுகல் வழி. சிட்ரிக் ஆசிட் தூளை வெந்நீரில் கரைத்து, அதில் பழைய துணியை நனைத்து, வளையமாகச் சுருட்டிச் சீட்டின் மேல் வைத்து ஒரு மணி நேரம் விட்டேன். பிறகு பாத்திரம் துலக்கும் நாரின் மிருதுவான பக்கத்தால் தேய்த்ததும் படிவு மாவாக உதிர்ந்தது. வினிகரும் இதே வேலையைச் செய்யும், கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். கழிப்பறைக்கு பிளீச் ஊற்றும் பழக்கம் இருந்தால் ஒன்று முக்கியம்: பிளீச்சும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஒன்றை முழுதாகக் கழுவிவிட்ட பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

திரும்பவும் நகம் ஓட்டிப் பார்த்தேன், எங்கும் தட்டவில்லை. கூண்டைப் பொருத்தி, வலப்பக்கம் திருப்பி 'டக்' என்று பூட்டிக்கொண்டதும் பென்சில் கோட்டுச் சோதனை. இரவு முழுக்க மட்டம் கோட்டிலேயே நின்றது. கணக்குப் பார்த்தால் ஒரு நாளைக்குச் சுமார் 140 லிட்டர் மிச்சம், பொருள் ஒரே ஒரு ரப்பர் வளையமும் ஒரு கரண்டி ஆசிட் தூளும். இதற்குப் பின் செய்த எந்த வேலையும் இந்த அளவுக்குத் தரவில்லை.

கையோடு மிதவையையும் சரிபார்த்தேன். நீர்மட்டம் வழிந்தோடும் குழாயின் வாய்க்கு 25 மி.மீ. கீழே நிற்க வேண்டும். நம்முடையது 10 மி.மீ.-இல் நின்றது, இரவில் குழாய் அழுத்தம் கொஞ்சம் கூடினால்கூட வழியும் தூரம். மிதவைத் தண்டில் இருந்த பிளாஸ்டிக் திருகைச் சுற்றி இறக்கினேன்.

ஒரு ஃபிளஷுக்கு எத்தனை லிட்டர்

டேங்கின் நீள, அகல, உயரத்தைப் பெருக்கிப் பார்க்க வேண்டாம், உள்ளே இருக்கும் சாமான்கள் கணக்கைக் குழப்பும். நிறைந்த டேங்கில் கோடு போட்டு, வால்வை மூடி, முழு ஃபிளஷ் செய்து, பிறகு அந்தக் கோடு வரை அளவு ஜாடியால் ஊற்றி நிரப்பினால் உண்மையான அளவு கிடைக்கும். 9 லிட்டர் வந்தது. பழைய கம்மோடு. இரட்டைப் பட்டன் டேங்கை 1980-இல் ஆஸ்திரேலியாவின் கரோமா நிறுவனம் கொண்டுவந்தபோது பெரிய பட்டனுக்கு 11 லிட்டர், சின்னதுக்கு 5.5. இன்று பெரியதுக்கு 4.5, சின்னதுக்கு 3 லிட்டர் என்று வந்திருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் 9 லிட்டர் அதிகம்தான்.

குறைக்க இரண்டு வழி பார்த்தேன். 1 லிட்டர் பாட்டிலில் தண்ணீரும் அடியில் கொஞ்சம் கூழாங்கல்லும் போட்டு, மூடி, டேங்குக்குள் நிறுத்துவது முதல் வழி. மிதவை ஓடும் பக்கம் வைத்தால் மிதவை பாட்டிலில் சிக்கி வால்வு மூடாது, புதுசாக ஓர் ஒழுகல் ஆரம்பமாகும். எதிர் மூலையில் வைத்தால் சரி. செங்கல் போடச் சொல்வார்கள், போடாதீர்கள். ஊறி உதிரும் துகள் நேராக அந்த சீட்டுக்குத்தான் போய்ச் சேரும்.

இரண்டாவது வழி, கூண்டின் பக்கவாட்டில் இருக்கும் சறுக்குப் பட்டை. அதை ஏற்றி இறக்கினால் எந்த மட்டத்தில் வால்வு மூடுகிறது என்பது மாறும். பெரும்பாலான கூண்டுகளில் இருக்கிறது, யாரும் தொட்டதில்லை. பாட்டிலை எடுத்துவிட்டு இதை மட்டும் வைத்தே 7 லிட்டருக்கு இறக்கினேன், சின்னப் பட்டன் 4 லிட்டர். 6 லிட்டருக்கும் இறக்கிப் பார்த்தேன். அதில் கோப்பை சுத்தமாகவில்லை, இரண்டாவது தடவை அழுத்த வேண்டியிருந்தது. 6-ஐ இரண்டு தரம் போட்டால் 12. அமெரிக்காவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி 1994 முதல் வீட்டுக் கம்மோடுகளுக்கு 1.6 கேலன், அதாவது 6 லிட்டர்தான் உச்சவரம்பு என்று ஆனபோது, ஆரம்பத்தில் வந்த பலவற்றிலும் இதே புலம்பல்தான். கோப்பையின் வளைவும் டேங்கின் அளவும் ஜோடி, 9 லிட்டருக்கு வார்த்த கோப்பை 6 லிட்டரில் முழுதாக இழுக்காது. 7-இல் நிறுத்திவிட்டேன். ஒரு நாளைக்குப் பதினைந்து ஃபிளஷ் என்று வைத்தாலும் 30 லிட்டர் மிச்சம். பரவாயில்லை, ஆனால் அந்த சீல் கசிவில் போனதில் கால்பங்குகூட இல்லை.

சொட்டும் குழாய்

மேல்தளக் குழாய் பழைய திருகு வகை. ஸ்பிண்டில் என்கிற திருகுத் தண்டு, அதன் நுனியில் ரப்பர் வாஷர், அது பித்தளை சீட்டில் அழுந்தி மூடும். வாஷர் மாற்றினால் கொஞ்ச நாளைக்கு நிற்கும், பிறகு மறுபடி சொட்டும். இறுக்கி இறுக்கி மூடுவோம், அது புது வாஷரையும் வெட்டிவிடும். வேறு வேலைக்கு வந்திருந்த பிளம்பரிடம் காட்டியபோது டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சீட்டு அரிச்சுப் போயிருக்கு சார். நீங்க தங்கத்துல வாஷர் போட்டாலும் நிக்காது" என்றார்.

சீட்டைச் சமன் செய்ய ஒரு கைக்கருவி இருக்கிறது. டி வடிவக் கைப்பிடி, நடுவில் தண்டு, நுனியில் பல் வைத்த வட்டு. குழாயின் தலையைக் கழற்றி, கருவியின் கூம்பை அந்த மரையில் பொருத்தி, மெல்ல அழுத்திச் சுற்ற வேண்டும். முதலில் கரகரவென்று ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும், அங்கேதான் மேடு. சுற்றுவது சீரானதும் நிறுத்திவிட வேண்டும், ஆசைப்பட்டுச் சுற்றினால் சீட் மெலிந்துவிடும். பிறகு குழாயின் தலை இல்லாமலே ஆங்கிள் வால்வைக் கொஞ்சம் திறந்து பித்தளைத் தூளை வெளியே அடிக்கவிட வேண்டும், அடியில் வாளியும் சுற்றித் துணியும் வைத்துக்கொண்டு. அரை அங்குல வாஷர் புதிது, ஸ்பிண்டிலைச் சுற்றிய ரப்பர் வளையமான ஓ-ரிங் புதிது, இரண்டையும் சேர்த்தே மாற்றினேன். இப்போது இரண்டு விரலால் மூடினாலே நிற்கிறது.

கால் சுற்றில் மூடும் பீங்கான் தட்டுக் குழாயாக இருந்தால் இந்தக் கருவி உதவாது, உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டும். பல் எண்ணிக்கை, தண்டு நீளம், திறக்கும் திசை மூன்றும் பொருந்த வேண்டும். பழையதைக் கையில் எடுத்துப்போவதுதான் உத்தமம்.

சுவரில் ஏறும் மரைகளுக்கு டெஃப்லான் டேப். மரை நுனியைப் பார்த்தபடி கடிகாரச் சுற்றில் சுற்ற வேண்டும், மாற்றிச் சுற்றினால் திருகும்போது பிரிந்து சுருண்டு வெளியே வரும். அந்தச் சுருள் துணுக்கு உள்ளே போனால் அடுத்தது ஏரேட்டரில்தான் போய் அடைக்கும்.

ஏரேட்டர் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

குழாய் வாயில் இருக்கும் சின்னச் சல்லடை மூடிதான் ஏரேட்டர். தண்ணீரோடு காற்றைக் கலந்து, பஞ்சுபோல் விழச் செய்யும். வாஷ்பேசின் குழாய்களில் பெரும்பாலும் இரண்டே அளவு. குழாயில் உள்மரை என்றால் 24 மி.மீ., வெளிமரை என்றால் 22 மி.மீ. வெர்னியர் வைத்துப் பார்த்துக்கொண்டால் போதும். பழையதைக் கழற்ற குறடு போட்டால் குரோம் பூச்சு போய்விடும், நடுவே துணியோ பழைய சைக்கிள் டியூப் துண்டோ வைத்துப் பிடிக்க வேண்டும்.

கீழ் வாஷ்பேசினில் போட்டதும் 14 லிட்டர் 5 ஆனது. கை கழுவுவதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. முழுசாகத் திறந்தால் சட்டையில் தெறித்துக்கொண்டிருந்ததும் நின்றது.

அதே உற்சாகத்தில் வாளிக் குழாய்க்கும் ஒன்று போடத் தோன்றும். வேண்டாம். 15 லிட்டர் வாளி 15 லிட்டரைத்தான் பிடிக்கும், வேகமாக வந்தாலும் மெதுவாக வந்தாலும். மெதுவாக வந்தால் திறந்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகத் தோன்றும், வாளி நிரம்பி வழிவதுதான் மிச்சம். ஓடும் தண்ணீரில் நேரடியாகச் செய்யும் வேலைக்குத்தான் ஏரேட்டர்.

சில மாதத்துக்கு ஒருமுறை கழற்றிச் சல்லடையைத் தட்டிப் பார்க்க வேண்டும். மணலும் டேப் துணுக்கும் நிறைய வரும்.

ஷவர்

பெரிய மிச்சம் இங்கேதான் என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள், அழுத்தம் உள்ள வீட்டில் அது உண்மை. நிமிடத்துக்கு 15 லிட்டர் கொட்டும் பழைய ஷவரை 8 லிட்டருக்கு இறக்கினால் எட்டு நிமிடக் குளியலில் 56 லிட்டர் மிச்சம். நம் வீட்டுக் கதை வேறு.

கீழ் ஷவரின் ஹோஸ் இணைப்பில், அரை அங்குல நட்டுக்குள், 8 லிட்டர் என்று குறித்த ஒழுங்குபடுத்தும் வட்டு ஒன்றைப் போட்டேன். உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அழுத்தம் கூடக்கூட அது உப்பி வழியைச் சுருக்கும், அதனால் அழுத்தம் எவ்வளவு இருந்தாலும் ஒரே அளவு வரும். ஆனால் அது அப்படி வேலை செய்வது 1 பாருக்கு மேல். நம்மிடம் இருப்பது அரை பார். அளந்தால் 8-க்குப் பதில் 4.5 லிட்டர்தான் வந்தது, அதுவும் ஷவர் முகத்திலிருந்து தலைக்கு எட்டாமல் காலடியிலேயே விழுந்தது. "அப்பா, ஷவரா தூறலா இது?" என்று கேட்டுவிட்டு மகள் இன்னும் பத்து நிமிடம் நின்றாள். ஷாம்பூ போகும்வரை நிற்க வேண்டியிருந்தால், நிமிடக் கணக்கில் குறைந்தது குளியல் கணக்கில் திரும்பி வந்துவிடுகிறது. தொட்டி அளவில் பார்த்தபோது ஒரு குளியலுக்கான இறக்கம் மாறவே இல்லை. வட்டைக் கழற்றிவிட்டேன்.

அதற்குப் பதிலாக இரண்டு வேலை. ஷவர் முகத்தை வினிகரில் ஊறவைத்து, அடைந்திருந்த துளைகளைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். பாதி துளை அடைந்து, மீதி பாதி சுவரை நோக்கி அடித்துக்கொண்டிருந்தது. எல்லாம் நேராக விழ ஆரம்பித்ததும் தலை அலசுவது சீக்கிரம் முடிகிறது. அடுத்தது, ஹோஸுக்கும் கை ஷவருக்கும் இடையே ஒரு சின்ன நிறுத்து வால்வு. சோப்பு போடும்போது கட்டைவிரலால் மூடிவிடலாம், திறந்தால் அதே சூட்டில் தண்ணீர் வரும். குளிக்கும் நேரத்தில் கணிசமான பங்கு சோப்பு போடுவதில்தான் போகிறது, அதுவரை ஷவர் சும்மா ஓடும். கீழ்க் குளியலறையில் உண்மையாகக் குறைந்தது இதனால்தான்.

வால்வு வாங்கும் முன் இரண்டு எச்சரிக்கை. வெளியேறும் பக்கம் எதுவும் மூடக்கூடாது என்று குறித்திருக்கும் வெந்நீர்க் கருவிகள் உண்டு, அழுத்தம் தாங்காத வகை. அவற்றின் வெளிவாயில் இந்த வால்வைப் போடவே கூடாது. இன்னொன்று, வெந்நீரும் தண்ணீரும் கலக்கும் மிக்ஸரைத் திறந்துவிட்டு ஷவரை மட்டும் மூடினால், இரண்டு குழாயின் அழுத்தமும் வேறாக இருந்தால் ஒன்றின் தண்ணீர் மற்றதற்குள் ஏறும். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவழி வால்வுகள் வேண்டும். குளித்து முடித்தபின் மிக்ஸரையே மூட வேண்டும், இந்த வால்வை நம்பி விட்டுவிடக்கூடாது. கழுவப் பயன்படும் ஹெல்த் ஃபாசெட்டுக்கும் இதே விதிதான். விசையை விட்டால் நின்றதுபோல் இருக்கும், ஹோஸ் அழுத்தத்திலேயே கிடக்கும், ஒருநாள் வெடிக்கும். ஆங்கிள் வால்வை மூடும் பழக்கம் வேண்டும்.

வெந்நீர் வரும்வரை ஓடும் தண்ணீர்

கீசரிலிருந்து ஷவர் வரை குழாய் 9 மீட்டர். உள்விட்டம் 16 மி.மீ. என்றால் மீட்டருக்கு 200 மில்லி, மொத்தம் 1.8 லிட்டர். அவ்வளவுதான் வீண் என்று நினைத்து வாளியில் பிடித்தால், சூடு வருவதற்குள் 3.5 லிட்டர் சேர்ந்தது. முதலில் வரும் வெந்நீர் குளிர்ந்த குழாயைச் சூடாக்குவதிலும், குழாயில் நின்ற தண்ணீரோடு கலப்பதிலும் செலவாகிறது. குழாய்க்கு நுரைக் காப்பு சுற்றியபின் முதல் குளியலுக்கு ஒரு மாற்றமும் இல்லை, எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் அரை மணி நேரத்துக்குள் அடுத்தவர் குளித்தால் குழாயில் நின்றது வெதுவெதுப்பாகவே வருகிறது. ஒருவர் பின் ஒருவராகக் குளிப்பதற்கும் காப்பு சுற்றுவதற்கும் சேர்த்துத்தான் பலன்.

முதலில் வரும் 3.5 லிட்டர் ஷவரின் அடியில் வைத்த வாளிக்குள் போகிறது. சோப்பு படாத நல்ல தண்ணீர், தரை துடைக்கவும் துணி ஊறவைக்கவும் ஆகும். சோப்புத் தண்ணீரைப் பிடித்தால் அன்றைக்கே கழிப்பறையில் ஊற்றிவிடுங்கள், ஒரு நாள் தாண்டினால் நாற்றம் எடுக்கும். வாளியால் ஃபிளஷ் செய்யும்போது மெதுவாக ஊற்றினால் மட்டம் ஏறி இறங்குமே தவிர இழுக்காது. ஐந்து, ஆறு லிட்டரை ஒரே வீச்சில் ஊற்றினால்தான் வளைவுக்குள் உறிஞ்சல் பிடிக்கும்.

செலவும் கருவியும்

சீல், வாஷர், ஓ-ரிங், ஏரேட்டர், டெஃப்லான் டேப், இவை எல்லாம் சேர்ந்தாலும் சுமாரான ஷவர் ஒன்றின் விலைக்கு வராது. சீட் சமன் செய்யும் கருவிதான் கொஞ்சம் விலை, வருடத்துக்கு ஒருமுறைகூடத் தேவைப்படாது. இரவல் கிடைத்தால் வாங்காதீர்கள். ஒழுங்குபடுத்தும் வட்டு வீண் செலவு, அழுத்தம் உள்ள வீட்டில் யாருக்காவது கொடுக்கலாம் என்று வைத்திருக்கிறேன். மற்றபடி கையில் இருந்த ஸ்க்ரூ ஸ்பேனர், குறடு, வெர்னியர், டார்ச், பென்சில் போதுமானதாக இருந்தன. வெர்னியர் மட்டும் இல்லாமல் இறங்காதீர்கள்.

திரும்பச் செய்வதானால் ஆங்கிள் வால்வுகளிலிருந்து ஆரம்பிப்பேன். எந்த வேலைக்கும் முதலில் அதைத்தான் மூட வேண்டும், பல வருடம் திருகாமல் இருந்ததால் ஒன்று முழுதாக மூடவே இல்லை, தொட்டியின் முதன்மை வால்வையே மூடி வேலை பார்க்க வேண்டியிருந்தது. மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் ஒரு தரம் மூடித் திறந்தால் இறுகாது. குளியலறைக்குத் தண்ணீர் பிரியும் இடத்தில் சின்ன மீட்டர் ஒன்று வைத்திருந்தால் ரீப்பரும் டேப்புமாக மாடி ஏறி இறங்கிய நேரமும் மிஞ்சியிருக்கும்.

சீல் இரண்டாக வாங்கி ஒன்றை உறையோடு வைத்திருக்கிறேன், 63 / 32 / 3 என்ற அளவை டேங்க் மூடியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதியாயிற்று. மேல்தள ஃபிளஷ் டேங்க் நிரம்பி முடிந்த பிறகும் மெல்லிதாகச் சீறுகிறது. பென்சில் கோட்டில் அது தேறிவிட்டது, ஆகவே அடி சீல் இல்லை, மிதவை வால்வின் உள்ளே இருக்கும் சவ்வில் மணல் சிக்கியிருக்க வேண்டும். அடுத்து கழற்றப்போவது அதைத்தான்.